பேர் சொன்னால்தான் எடுப்பார்கள்

பள்ளிக்கூடமே போகாமல் மூன்று செங்கல் சூளைக்கு முதலாளி ஆனவன் நான். ரயிலில் யார் பேசினாலும் நடுவில் புகுந்து யோசனை சொல்வேன். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஆவடியில் வெள்ளானூர்ப் பெண்கள் இருவர் ஏறினார்கள். இளையவள் புருஷனைப் பறிகொடுத்தவள். பட்டணத்து யூனிவர்சிட்டிக்குப் போகிறாள்.

“தவள அறுக்கிற கட்டடத்துல பூந்துடாதடி,” என்றாள் மூத்தவள்.

“அங்கேர்ந்து நம்ம ஊருக்கு வந்தவங்க எல்லாம் ஒரே எடம்தானேக்கா?”

“எடம் ஒண்ணுதான். ஏரித் தவளைய புட்சிகினு போனவன் வேற, வயக்காட்டு மண்ண அள்ளிகினு போனவன் வேற. உன் ஊட்டுக்காரன பேச வச்சி பாட்டுப்பொட்டித் தட்டுல புட்சவன் வேற. அவன் ரூமு எதுன்னு கேளு.”

“ஒரே ஒரு தபா அவரு கொரல கேட்டுட்டு வந்துடறேன்க்கா.”

“எத்தினி தட்டு கீதோ! பேரு சொன்னாதான் தேடி எடுப்பாங்க.”

“அவரு பேர நான் எப்டிக்கா சொல்லுவேன்? சொன்னதே இல்லியே.”

“நான் அம்பத்தூர்ல எறங்கிடுவேன். அங்க நீதான் சொல்லணும். இப்பவே சொல்லிப் பாரு.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னவோ முனகினாள்.

“பக்கத்துல கீற எனக்கே கேக்கல. துணிய எடுடி.”

அதற்குள் அம்பத்தூர் வந்து, மூத்தவள் இறங்கிப் போனாள்.

இவள் ஜன்னல் பக்கம் திரும்பித் துணியை எடுத்தாள். “கன்னியப்பன், கன்னியப்பன்” என்று பட்டணம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.