பத்தும் நல்லா இருக்கு

எனக்குக் காது நன்றாகக் கேட்கும், சார். அறுபத்து நாலு வயதிலும் கரும்புக்குள் பன்றி நடக்கும் சத்தத்தைக் காற்றிலிருந்து பிரித்துச் சொல்லிவிடுவேன். என் கூட்டாளி டெஸ்ஸுக்குக் காது போய்விட்டது. சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் கொதிகலன் பக்கத்தில் நின்றவன்.

மழை விட்டதும் எங்கள் ஊர் டல்லியைச் சுற்றி வில்லோடு பன்றி வேட்டைக்குப் போவோம். அதற்கு முந்தைய மூன்று மாதம் என் கொல்லையில்தான் பயிற்சி. முப்பது தப்படி தூரத்தில் ஒரு ரப்பர் பன்றி. எய்வதற்கு முன் ஒவ்வொரு கார்பன் அம்பையும் காதருகே வைத்து வளைத்துப் பார்க்க வேண்டும். லேசாக நொறுங்கும் சத்தம் கேட்டால் உள்ளே விரிசல். அதை எய்தால் வில் பிடித்த கையிலேயே சிதறிக் குத்தும். டெஸ்ஸின் அம்புகளையும் நான்தான் கேட்பேன்.

"என்னடா சொல்லுது?" என்பான்.

"உன்னை மாதிரி கிழடு இல்லையாம்."

என் மனைவி மார்லின் இறந்த பிறகு, வாரம் முழுக்க நான் பேசியது அவ்வளவுதான். அந்தத் தனிமை உங்களுக்குப் புரியாது.

போன வருடம், வடகோடியில் தன் மகள் இருக்கும் வீப்பாவுக்கே குடிபோவதாகச் சொன்னான். "அங்க பன்னி மந்தை மந்தையா இருக்காம்டா. மருமவனும் வில்லு புடிக்கிறான்." அன்று ஏழாவது அம்பில் நொறுங்கும் சத்தம் கேட்டது. நல்லா இருக்கு என்றேன்.

அவனுக்கு இடது கையில் மூன்று விரல் போயிற்று. வீப்பாவுக்குப் போகவில்லை. தினமும் சூப் கொண்டுபோனேன், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். எங்களுக்கு அது நல்ல வருடம்.

ஆனால் பிடிவாதக்காரன். வில்லை வலது கையில் பிடித்து, நாணில் கட்டிய தோல்பட்டையைப் பல்லால் இழுக்கப் பழகிவிட்டான். சனிக்கிழமை பத்து அம்பை என் மடியில் போட்டான்.

"கேட்டுச் சொல்லுடா. புதன்கிழமை கெளம்புறேன். உன் காத மட்டும் கழட்டிக் குடுத்துடேன்."

நாலாவதில் அந்தச் சத்தம் கேட்டது. அதையும் மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன். "பத்தும் நல்லா இருக்கு."

பல்லால் இழுக்கும்போது முகமும் அம்பருகே வரும் என்பது எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டாம். மகள் வந்திருக்கிறாளாம். அவளுக்கு அவன் காதோடு பேசத் தெரியாது. சீக்கிரம் முடியுங்கள், சார். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?