சொல்லாமல் வந்த ஒத்திகை

என் மகளுக்குத் தெருவுல போறவங்க எல்லாரும் மாமா, அக்காதான் சார். கதவைத் தட்டினா யாருன்னு கேக்காமலே திறப்பா. பதினாலு வயசு. வெள்ளந்தின்னு எல்லாரும் கொஞ்சுவாங்க. எனக்கு மட்டும் அதுதான் பயம்.

நான் பேங்க் காவலாளிகளுக்குப் பயிற்சி குடுக்கிறவன். முகமூடி போட்டுக்கிட்டுத் திடுதிப்புனு உள்ள புகுந்து, யார் எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு பார்ப்போம். முன்கூட்டியே சொல்றதில்ல. சொல்லிட்டு எந்தத் திருடன் வர்றான்? அதையேதான் வீட்டுலயும் செஞ்சேன். பெத்த அப்பன், எனக்கில்லாத அக்கறையா?

மொதத் தடவை, ஸ்கூல் விட்டு வந்து பையைக் கழட்டிக்கிட்டிருந்தா. பின்னாலேருந்து வாயைப் பொத்தினேன். நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா. முகமூடியக் கழட்டிட்டுச் சிரிச்சேன். அவ சிரிக்கல. அப்புறம் அடிக்கடி செஞ்சேன். சில நாள் கத்தியோட. மொக்கைக் கத்திதான். முகத்தைப் பார்க்காதே, குரலை நம்பாதே, கையை ஓங்கிட்டா நிறுத்தாதேன்னு சொல்லிக் குடுத்தேன்.

டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க. "பெஞ்சு இழுக்கிற சத்தத்துக்கே மேசைக்கடியில போயிடுறா சார். வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" உஷாராயிட்டான்னு எனக்குப் பெருமைதான். சரியாச் சாப்பிடல, முடியைப் பிடுங்கிக்கிட்டா. அந்த வயசுல எந்தப் பிள்ளை ஒழுங்கா இருக்கு?

என் சம்சாரம்தான் ஓயாமப் புலம்பினா. "ஏங்க, புள்ள என்னைக் கண்டே நடுங்குது. விட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." செல்லம் குடுத்துக் கெடுக்காதேன்னு அவ வாயை அடைச்சேன்.

நேத்து ஒத்திகையே இல்ல. நான் வேலையில இருந்தேன். மழைக்கு முகம் மறைய முக்காடு போட்டுக்கிட்டு, சம்சாரம் மார்க்கெட்டுலேருந்து வந்து கதவைத் திறந்திருக்கா. மக சுத்தியலோட உள்ள நின்னிருக்கா. "அம்மாடி, நான்தான்"னு சம்சாரம் கத்தினது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. எனக்கும் நெஞ்சு வெடிக்குது சார், நான் என்ன கல்லா?

எழுதிக்கோங்க. முகமூடி என்னுது. சுத்தியல் நான் குடுத்தது. சம்சாரத்தைக் கொன்னது நான்னே போட்டுக்கோங்க, பிள்ளையை விட்டுடுங்க. ஆனா தப்புப் பண்ணிட்டேன்னு மட்டும் எழுதாதீங்க, கையெழுத்துப் போட மாட்டேன்.

காலையில மகளைப் பார்க்க விட்டாங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தா. பக்கத்துல போய்க் கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. இவ்வளவு சொல்லிக் குடுத்தும், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா சார். இன்னும் கொஞ்ச நாள் பயிற்சி குடுத்திருக்கணும்.