பாட்டுப் பெட்டி சேரவில்லை

அந்தப் பாட்டுப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது தவக்காலத்துக்கு முன்பா பின்பா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது என்று எழுத வருகிறது. ஆனால் ஈப்போவில் பிற்பகலில் மழை பெய்யாத நாளைத்தான் தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நான் சொல்வதில் சில இடங்கள் முன்பின்னாக இருக்கலாம்.

பெர்த்தில் வேலை பார்க்கும் என் மகன் ஜோனதன் விடுமுறையில் வந்தபோது அதைக் கொண்டுவந்தான். பிஸ்கட் டின் அளவு இருக்கும். வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டால் இணையத்திலிருந்து பாட்டை எடுத்துப் பாடும். முன்பக்கம் ஒரு திருகு, பக்கத்தில் ஒரு பெரிய பொத்தான். என் கணவர் ஸ்டானிஸ்லாஸுக்காக வாங்கியது. பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. இடது கையால் பொத்தானை அழுத்தினால் போதும் என்று பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தான்.

யோசனை தினேஸ்வரியுடையது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். "பேச வராதவங்க சில பேருக்குப் பாட வரும் ஆன்ட்டி. அங்கிள் பாடுறவருன்னு சொன்னீங்கல்ல, ட்ரை பண்ணிப் பாப்போம்லா" என்றாள்.

அவர் பாடுகிறவர்தான். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில் தோட்டத்துச் சிற்றாலயத்தின் பாடற்குழு அவர் கையில் இருந்தது. முதல் அடியை அவர் எடுத்துக்கொடுப்பார், நாங்கள் சேர்ந்துகொள்வோம். நான் இரண்டாம் குரல். இப்போது அவருக்கு யாராவது முதல் அடியை எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. தினேஸ்வரி சில மாதா பாட்டுகளைப் பாடி, அதே மெட்டுகளில் அன்றாட வார்த்தைகளையும் போட்டுப் பதிந்து கொடுத்தாள். ஜோனதன் அவற்றைப் பெட்டியில் வரும்படி செய்தான். ஒரு வாரத்துக்குள் அவர் "தண்ணி வேணும்" என்று பாடினார். ஜோனதன் சமையலறைக்குப் போய் அழுதான். நானும் அழுதிருப்பேன். பிறகு அவன் பெர்த்துக்குத் திரும்பிவிட்டான்.

எங்கள் மகள் மெலிண்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குப் பக்கவாதம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அவள் லூமுட்டில் சுரேன் என்ற இந்துப் பையனைக் கோயிலில் வைத்துத் திருமணம் செய்துகொண்டாள். அவள் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்றார் அவர். நான் கெஞ்சினேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவளோடு போனில் பேசினேன். அதைக் கண்டுபிடித்து, போனை வாங்கி அவள் எண்ணை அழித்தார். கோபமாக அல்ல, நிதானமாக. பிறகு நான் கெஞ்சுவதை விட்டுவிட்டேன். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள். வீடு அமைதியாக இருந்தது, அந்த அமைதியில் நான் ஒருவாறு குடியேறிவிட்டேன்.

பக்கவாதம் வந்த அன்று காலை, கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"கத்தரின், மெலிண்டாவக் கூப்பிடு. நான் பேசணும்."

"ஆறு வருஷம் கழிச்சா?"

"கூப்பிடுன்னு சொல்றேன்ல. என் மேல கோவமா இருப்பா. இருந்துட்டுப் போறா, நீ கூப்பிடு."

மங்கு தட்டெல்லாம் கழுவிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன். கழுவினேன். எப்போதையும்விட மெதுவாகக் கழுவினேனா என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. திரும்பி வந்தபோது அவர் நாற்காலிக்குக் கீழே கிடந்தார்.

யாரோ சொல்லி, ஆஸ்பத்திரியில் இருந்த என்னை மெலிண்டா போனில் கூப்பிட்டாள். "அம்மா, நான் வரவா? அப்பா ஏதாச்சும் சொன்னாரா?" என்றாள். "உன்னப் பாக்க வேணாம்னுதாம்மா கடைசியாச் சொன்னாரு" என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பது எனக்கே வியப்பாக இருந்தது. நான் கேட்டபோது திறக்காத கதவை அவர் நினைத்த நேரத்தில் திறப்பதா என்று தோன்றியிருக்கலாம். அப்படித் தோன்றியது தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஜோனதன் போன சில நாட்களில், நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது, கூடத்தில் பெட்டியோடு சேர்ந்து அவர் பாடுவது கேட்டது. மெட்டு மாதா பாட்டினுடையது. வார்த்தை வேறு. "மெலிண்டாவ... மெலிண்டாவ..." அவ்வளவுதான். அடுத்த சொல் வரவில்லை. ஆனால் வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் முகமெல்லாம் கண்ணீர். அவர் உணர்ச்சிவசப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

அந்த வாரமே மின்னல் அடித்து மோடம் எரிந்துபோனது. அது நான் செய்ததல்ல. புதிய மோடத்தை ஒருவர் வந்து மாட்டிவிட்டுப் போனார். அதன் பாஸ்வேர்ட் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்தது. பெட்டியில் அதைத் திருகைச் சுற்றித்தான் எழுத்தெழுத்தாக இட வேண்டும். என் கணவர் மோடத்தைத் தலைகீழாகத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார், நான் பார்த்து இடுவதற்காக. அவருடைய முகம் அப்போது எனக்குத் திருமணமான புதிதில் தெரிந்த முகம்.

நான் சுற்றினேன். முதல் எழுத்துகளைச் சரியாகவே இட்டேன். கடைசி எழுத்து வந்தது. அதைத் தாண்டி அடுத்த எழுத்தில் நிறுத்தினேன். அவர் ஸ்டிக்கரில் விரலை வைத்துத் தட்டினார். நான் அழுத்தினேன். பாஸ்வேர்ட் தவறு என்று பெட்டி காட்டியது.

"பாத்தீங்களா, சேரல" என்றேன்.

மறுபடி இட்டேன், மறுபடியும் தாண்டி நிறுத்தினேன். இம்முறை அவர் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு மோடத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டார். அன்று மாலையே ஸ்டிக்கரை உரித்துவிட்டேன்.

ஜோனதன் பெர்த்திலிருந்து சொல்லி, அடுத்த வீட்டு கனகராஜ் வந்து பார்த்தார். பெர்ச்சாமில் ஏர்கோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

"ஸ்டிக்கர் எங்கக்கா? இதக் கழட்டுனது எந்தப் புண்ணியவான்?"

"மாட்ட வந்த ஆளுதான் எடுத்துருப்பான்."

"சரி, ரீசெட் அடிச்சுருவோம். பத்து நிமிசம்லா."

"வேணாம் தம்பி. பாட்டக் கேட்டா அவருக்கு பிரஷர் ஏறுது. டாக்டரே வேணாம்னுட்டாரு."

கனகராஜ் அவரைப் பார்த்து, "என்னண்ணே, சும்மா இருங்கன்னுட்டாங்களா, அதும் நல்லதுதான், எங்க வீட்டுல எனக்கு அந்தக் குடுப்பன இல்ல" என்று சிரித்தார். என் கணவர் இடது கையைத் தூக்கி ஏதோ காட்டினார். வலிக்கிறது என்கிறார் என்று நான் சொன்னேன்.

தினேஸ்வரியிடம், அவரைக் கூட்டிவர வண்டி கிடைப்பதில்லை என்றேன். அவள் போனில், "பெட்டி இல்லன்னா நீங்களே முதல் லைன எடுத்துக் குடுங்க ஆன்ட்டி, போதும்" என்றாள். சரி என்றேன். அவர் சில நாட்கள் என் முகத்தைப் பார்த்து, வாயைச் சற்றே திறந்து காத்திருப்பார். எனக்கு எல்லாப் பாட்டும் தெரியும். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. அந்தப் பெட்டி ஒன்றுதான் என்னைக் கேட்காமல் அவருக்குப் பாடியது.

மற்றபடி அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்தேன், கஞ்சியை ஆறவைத்து ஊட்டினேன். மாதா கோயிலிலிருந்து அவரைப் பார்க்க வந்தவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் வாயைத் திறந்து காத்திருப்பதையும் விட்டுவிட்டார். நாங்கள் இருவரும் சன்னலோரம் மணிக்கணக்காகப் பேசாமல் உட்கார்ந்திருப்போம். எங்கள் மணவாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த தவக்காலத்தில் ஸ்டானிஸ்லாஸ் இறந்துபோனார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் பாடி முடிக்கவேயில்லை. ஜோனதன் வந்து அடக்கம் செய்துவிட்டுப் போனான், ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். தினேஸ்வரி மாற்றலாகி பாகான் செராய்க்குப் போய்விட்டாள். கனகராஜ் வீடு மாறிவிட்டார். மெலிண்டா அடக்கப் பூசைக்கு வந்து, குழந்தையோடு கடைசி வரிசையில் நின்றாள். சவப்பெட்டியை மூடும் முன் அப்பா முகத்தைப் பார்க்கலாமா என்று என்னிடம் கண்ணால் கேட்டாள். நான் குனிந்துகொண்டேன். அவள் கல்லறைக்கு வராமல் லூமுட்டுக்குத் திரும்பிவிட்டாள். நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன்.

அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்பா தன்னை மன்னிக்கவில்லை என்பதோடு அவள் ஒருவாறு பழகியிருப்பாள். இப்போது போய் அவள் மன அமைதியைக் கெடுப்பது ஒரு தாய் செய்யக்கூடிய காரியமல்ல என்று பேசாமல் இருக்கிறேன்.