சேவைக்கு எத்தனை மார்க்?

— அஞ்சாயிரம் பேர் ஏறினா அது கப்பலாடா? மிதக்கிற சந்தை. சாப்பாட்டுக்கு வரிசை, நீச்சல் குளத்துக்கு வரிசை, லிஃப்டுக்கு வரிசை. போன வருஷம் நாங்க போனது அதுல. இந்த வருஷம் போனது வேற ரகம். மொத்தமே முந்நூறு பேர்தான். சொல்லப்போனா, அரண்மனை.

— சரிக்கா, அரண்மனைச் சாப்பாட்டுக்குப் பத்துக்கு எத்தனை போடட்டும்? கட்டம் காலியா இருக்கு.

— இரு, பறக்காதே. உன்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சதே எதுக்கு? கப்பல் கம்பெனிக்காரன் ஒரு பாரம் அனுப்பி, ரெண்டு கப்பலையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கான். ஒன்பது வருஷம் கப்பல்ல தட்டு தூக்கினவன், உனக்குத்தானே இதெல்லாம் புரியும்.

— அடடா. வெளியில நாலு பேர்கிட்ட சொல்லும்போது 'என் தம்பி கப்பல்ல அதிகாரியா இருந்தான்'. வீட்டுக்குள்ள வந்தா தட்டு தூக்கினவன்.

— அட போடா. எழுது. பெரிய கப்பல்ல சாப்பாடு மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும். உன் மாமா மூணு தட்டை அடுக்கிக்கிட்டு சர்க்கஸ்காரர் மாதிரி வருவார். சின்னக் கப்பல்ல அந்தக் கதையே கிடையாது. ஏழு சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தட்டு, அண்டா மூடி அகலத்துக்கு. நடுவுல மீன் துண்டு ஒண்ணு, தபால் தலை சைசுல.

— அது மேல ஒரு பச்சை இலை நட்டிருப்பானே?

— ஆமாடா! எப்படித் தெரியும்?

— அதை நடறதுக்குன்னே ஒருத்தன் இருப்பான். கையில சின்ன இடுக்கி. ஷிஃப்ட் முழுக்க அவனுக்கு நடவு வேலைதான்.

— ஏழு சுத்தும் முடிஞ்சு எல்லாரும் வாயைத் துடைக்கிறாங்க. உன் மாமா என் பக்கம் சாய்ஞ்சு, 'சாப்பாடு எப்ப வரும்?'னார். எனக்குக் கடல்ல குதிச்சிடலாம்னு இருந்துது.

— அப்ப எத்தனை? நாலு? அஞ்சு?

— பத்து.

— பசியோட எழுந்து வந்ததுக்கா?

— மேசையில சிந்தின ரொட்டித் துகளை ஒரு வெள்ளித் தகட்டால வழிச்சு எடுக்கிறான்டா. என் ஜென்மத்துல நான் சிந்தினதை இன்னொருத்தர் எடுத்ததில்லை. அதுக்கே பத்து.

— சரிங்க மகாராணி. பத்து. அடுத்தது அறை.

— பெரிய கப்பல்ல இருந்தது அறைன்னு சொன்னா அறைக்கு அவமானம். தீப்பெட்டி. குளிக்கும்போது சோப்பு கீழே விழுந்தா உன் மாமா வெளியே வந்து, திரும்பி, பின்பக்கமா உள்ளே போய்த்தான் எடுக்கணும்.

— எங்க அறையை நீ பாத்ததில்லையே. நாலு பேருக்கு மேலயும் கீழயுமா கட்டில். எங்களுக்கும் கடல் பக்கத்துலயேதான். என்ன, உங்களுக்கு ஜன்னலுக்கு வெளியே. எங்களுக்குத் தலைக்கு மேலே.

— தலைக்கு மேலயா?

— தண்ணி மட்டத்துக்குக் கீழேக்கா. இன்ஜின் பக்கத்துல. வேலையை விட்டு வந்த புதுசுல வீட்டுல மிக்ஸியை ஓடவிட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். என் பொண்டாட்டி என்னைப் பத்தி ஊரெல்லாம் சொன்னாளே, மறந்துட்டியா?

— அதுக்கா அப்படிச் செஞ்சே! நாங்க உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சோம். சரி, கேளு. சின்னக் கப்பல்ல முதல் நாலு நாள் ஜன்னல் வெச்ச அறை. அப்புறம் மாத்திக் குடுத்தாங்க பாரு, பால்கனியோட. அடேயப்பா. தலையணைக்கே ஒரு மெனுடா. மெத்துனு, கெட்டியா, கழுத்துக்கு, முதுகுக்கு. உன் மாமா எல்லாத்துலயும் ஒண்ணு கேட்டுட்டார். அன்னைக்கு எனக்குப் படுக்க இடமில்லை.

— ஏன் மாத்தினாங்க?

— ஏன்னா... மாத்தினாங்க.

— சும்மா பால்கனி குடுக்க மாட்டாங்களே. பைப் உடைஞ்சு கட்டில் மிதந்தாக்கூட துடைச்சிட்டு அதே அறையிலதான் படுக்கச் சொல்லுவாங்க. ஏதாவது பெரிசா புகார் குடுத்தாத்தான் வாயை அடைக்க பால்கனி.

— நீ அறைக்கு ஒன்பது போடு.

— போட்டாச்சு. ஒண்ணு ஏன் குறைஞ்சுது?

— பால்கனியில காத்து அதிகம். அடுத்தது என்ன?

— சேவை. உங்க அறையைக் கவனிச்ச பணியாளருக்கு எத்தனை?

— நாலு.

— நாலா? ஏன்க்கா? துண்டை உதறலையா, தண்ணி வைக்கலையா? ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோ. இந்தப் பாரத்துல ஒன்பது போட்டாலே அங்க கூப்பிட்டு ஏன்னு கேப்பாங்க. நாலுன்னா ஆளே அவ்வளவுதான்.

— அந்தாளுக்கு இனிமே என்ன அவ்வளவுதான். அதான் இறக்கிவிட்டாச்சே.

— யாரை இறக்கிவிட்டாங்க?

— உன் மாமா எல்லார்கிட்டயும் தண்டோரா போட்டாரே, உன் காதுல விழலையா? என் தோடு காணாமப்போச்சு. அறைக்கு வந்து போறது அந்தாள் ஒருத்தர்தான். கீழே கவுண்டர்ல போய்ச் சொன்னோம். அவங்க விசாரிச்சாங்க. அடுத்த துறைமுகத்துல இறக்கிவிட்டாங்க. எங்களுக்குப் புகார் குடுத்த அன்னைக்கே வருத்தம் தெரிவிச்சு பால்கனி குடுத்தாங்க. இதுல என்னடா தப்பு?

— எந்தத் தோடு?

— அம்மாவோடது. சிவப்புக் கல்லு.

— ஒரு கல்லு விழுந்து, ஆசாரி வேற கல்லு பதிச்சு, அது மட்டும் கொஞ்சம் கருஞ்சிவப்பா இருக்குமே, அதா?

— அதேதான்.

— சரி, இப்ப உன் காதுல இருக்கிறது யாரோடது?

— கிடைச்சிடுச்சுடா.

— எங்கே?

— குளத்துக்குப் போறதுக்கு முன்னாடி கழட்டி, டிஷ்யூல சுத்தி, உன் மாமா சாக்ஸுக்குள்ள திணிச்சு வெச்சிருக்கேன். அடியோட மறந்துபோச்சு. வீட்டுக்கு வந்து துணி துவைக்கப் போடும்போது பொத்துனு விழுந்துது.

— அறையில பெட்டகம் இருக்குமே, பூட்டி வைக்க?

— அதுக்கு நம்பர் ஞாபகம் வெச்சுக்கணும்.

— ஆஹா. நாலு நம்பர் ஞாபகம் இருக்காதுன்னு நகையைச் சாக்ஸுல வெச்சு, சாக்ஸையும் மறந்து, ஒரு மனுஷனைக் கப்பலைவிட்டு இறக்கிட்டே. சபாஷ். சேவைக்கு அவர் உனக்குத்தான் மார்க் போடணும்.

— குத்திக் காட்டாதே. நான் வேணும்னா செஞ்சேன்? உன் மாமாகிட்ட சொன்னேன். 'கிடைச்சுதுல்ல, விடு'ன்னுட்டார்.

— மாமாவுக்கென்ன, நாலு தலையணை. அந்தாள் பேரு என்ன?

— பேரு... வாயில நுழையாத பேரு.

— நெஞ்சுல பேர்ப் பட்டை குத்தியிருப்பாரே. படிக்கலையா?

— முயல்காரர்னுதான் கூப்பிடுவோம், எங்களுக்குள்ள. துண்டை மடிச்சு முயல் செய்வார். ஒருநாள் வந்து பாத்தா முயல் என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, என் புத்தகத்தை மடியில வெச்சுக்கிட்டுக் கட்டில்ல உக்காந்திருக்கு. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விக்கலே வந்துடுச்சு. உன் மாமாவுக்குக் கழுத்து வலின்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மறுநாள்லேர்ந்து துண்டை உருட்டி, சூடு பண்ணி, தலைமாட்டுல வெச்சிருந்தார். கேக்காமலே.

— அவருக்குத்தான் நாலா?

— போதும்டா.

— என் அறையில ஒருத்தன் இருந்தான். எனக்கு மேல் கட்டில். அவனும் அறை பணியாளன்தான். பதினெட்டு அறை, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு அம்மா வாட்ச்சைக் காணோம்னு புகார் குடுத்துட்டாங்க. ரெண்டு பேர் வந்து எங்க மெத்தையெல்லாம் கிழிக்காத குறையா தேடினாங்க. கிடைக்கலை. கிடைக்கலைன்னா 'எங்கேயோ ஒளிச்சிட்டான்'னு அர்த்தம். பையைக் கட்டச் சொன்னாங்க. அவன் கட்டில் ரெண்டு நாள் காலியா இருந்துது. மூணாவது நாள் வேற ஆள் வந்து படுத்துட்டான்.

— அப்புறம் அவன்?

— திருடன்னு ஒரு வரி பேப்பர்ல ஏறிடுச்சுன்னா வேற எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்கக்கா. ஊருக்குப் போய் லாரிக்குக் கிளீனரா போனான்னு கேள்வி. அவன் செய்யற அன்னம் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரே துண்டுல, கழுத்து வளைஞ்சு... கேப்டன் வீட்டம்மா வந்து போட்டோ எடுத்தாங்க.

— வாட்ச் கிடைச்சுதா, அந்தம்மாவுக்கு?

— கிடைச்சிருந்தா மட்டும் சொல்லியிருப்பாங்களா? நீ சொன்னியா?

— இப்ப நான் என்ன செய்யணுங்கறே?

— இந்தப் பாரத்தை மூடறேன். கம்பெனிக்கு லெட்டர் எழுதறேன். நீ சொல்லு.

— எழுதினா என்னைப் பத்தி என்னடா நினைப்பாங்க?

— சாக்ஸுல நகை வைக்கிறவங்கன்னு நினைப்பாங்க. உண்மைதானே?

— உன் மாமா குதிப்பார். அடுத்த வருஷத்துக்கும் அதே கப்பல்ல பதிவு பண்ணியிருக்கார். அதே பால்கனி வேணும்னு கேட்டு வாங்கியிருக்கார்.

— போங்களேன். புதுசா ஒருத்தர் இருப்பார், ஆமை மடிச்சு வைப்பார். இந்தத் தடவை கொலுசைத் தொலைச்சிடு, கேப்டன் அறையே குடுப்பாங்க.

— டேய்!

— கோவம் வருதுல்ல? நல்லது. சொல்லு, 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு போட்டுட்டேன்.

— 'எங்கள் பயணம் மிகவும் சிறப்பாக இருந்தது.'

— அக்கா, இது பாராட்டு மடல் இல்லை.

— ஆரம்பம் மரியாதையா இருக்க வேண்டாமா? சரி. 'எங்கள் அறையைக் கவனித்தவர் மீது ஒரு சிறு சந்தேகம்...'

— சிறு சந்தேகமா? பெட்டியோட இறக்கிவிடற அளவுக்குச் சிறுசா?

— 'எங்கள் அறையைக் கவனித்தவர் மீது நான் திருட்டுப் புகார் கொடுத்தேன்.' போதுமா?

— போதும். அறை நம்பர்?

— நானூத்துப் பதினேழு. 'அந்தப் புகார் தவறு. தோடு எங்கள் துணிக்குள்ளேயே இருந்தது. வைத்தது நான்தான்.' இன்னொண்ணும் போடு. 'அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு எனக்குப் பதில் எழுத வேண்டும்.'

— பரவாயில்லையே. ஆர்டரே போடறே.

— பதில் வரலைன்னா மறுபடி எழுதுவேன்னும் போடு. அந்தப் பதிவையும் ரத்து பண்ணச் சொல்லு. உன் மாமாவை நான் பாத்துக்கறேன். குதிச்சா குதிக்கட்டும், வீட்டுல இடமிருக்கு.

— இப்பதான்க்கா நீ நம்ம அம்மா பொண்ணு. படிச்சுக் காட்டறேன், கேளு. 'எங்கள் அறையைக் கவனித்தவர் மீது நான் திருட்டுப் புகார் கொடுத்தேன். அந்தப் புகார் தவறு. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, துணி துவைக்க எடுத்தபோது...'

— அது என்ன? அதை நான் சொல்லலையே.

— நான் சேர்த்தேன். எப்பக் கிடைச்சுதுன்னு இல்லைன்னா, அங்கேயே தெரிஞ்சும் பேசாம இருந்தீங்களான்னு கேப்பாங்க. உன் நல்லதுக்குத்தான்.

— அந்த வரியை எடுத்துடு.

— இருக்கட்டும்க்கா. உன்னைக் காப்பாத்தறதே அந்த ஒரு வரிதான்.

— எடுடா. பால்கனி அறையில துணியை அடுக்கும்போதே கிடைச்சிடுச்சு. துறைமுகம் வர இன்னும் ஒரு நாள் முழுசா இருந்துது. மறுநாள் காலையில அவர் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு இறங்கிப் போனதை பால்கனியில நின்னு பாத்தேன். தோடு என் கைக்குள்ள இருந்துது.