ரயில் நிலையத்தில் ஒரு மேஜை

சரிபார்ப்பவன்: ...இல்லங்க, மூணு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். அந்த இடத்துல ஹீரோ வாயே திறக்கலை.

எழுதுபவள்: திறந்திருப்பாரு. நீங்க சரியாப் பார்க்கலை.

சரிபார்ப்பவன்: வாய்ல சுருட்டு இருக்கு. ரயில் கிளம்புது, அவ ஏறிட்டா, இவரு மரம் மாதிரி நிக்கறாரு. கீழ நீங்க போட்ட எழுத்து ஓடுது. "போகாதே, நீ இல்லாம இந்த மேஜை வெறிச்சுன்னு இருக்கும்."

எழுதுபவள்: நல்லாத்தானே இருக்கு?

சரிபார்ப்பவன்: ரயில் நிலையத்துல மேஜை எங்கேருந்து வந்துச்சு?

எழுதுபவள்: ...காது கேக்காதவங்க படிச்சுப் பார்க்கிற படம். மனசுல இருக்கிறதும் அவங்களுக்குத் தெரியணும்ல?

சரிபார்ப்பவன்: அதுக்கு 'அமைதி'ன்னு போட்டாப் போதும். நாலு வருஷமா அப்படித்தானே போடறீங்க.

எழுதுபவள்: நீங்களும் நாலு வருஷமா இதே மேஜையில எதிர்ல உக்காந்து சிவப்புக் கோடு மட்டும்தானே போடறீங்க.

சரிபார்ப்பவன்: சரி, இந்த மாதிரி பழைய காதல் படம் எத்தனை பார்த்திருப்போம் நாம?

எழுதுபவள்: நூறைத் தாண்டியிருக்கும். எல்லாம் ஒரே கதை. சண்டை, மழை, ஆள் மாறிப் போன கடிதம், கடைசியில கல்யாணம்.

சரிபார்ப்பவன்: சலிக்கலையா?

எழுதுபவள்: எப்படிச் சலிக்கும்? ரெண்டு பேரும் சேரப் போறாங்கன்னு முதல் சீன்லயே படத்துல வர்ற நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். அவங்களுக்கு மட்டும் தெரியாது. அதைப் பார்க்கறதுல ஒரு சுகம்... உங்களுக்குத்தான் சலிச்சுப் போச்சு போல.

சரிபார்ப்பவன்: யார் சொன்னா?

எழுதுபவள்: திங்கக்கிழமைலேருந்து மூணாவது மாடியாமே. ஆவணப்படப் பிரிவு. நீங்களே மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தீங்களாம். டீ கொண்டு வர்ற அக்கா வரைக்கும் தெரியுது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

சரிபார்ப்பவன்: மூணாவது மாடிதானேங்க. கப்பல் ஏறியா போறேன்?

எழுதுபவள்: போங்க, போங்க. போய்த் தேனீ வளர்க்கிற படமாப் பாருங்க. அந்த வரியை அடிச்சுடுங்க.

சரிபார்ப்பவன்: அடிக்கத்தான் வேணும்... கை வரமாட்டேங்குது.

எழுதுபவள்: எதுக்கு மாறுதல் கேட்டீங்க? நான் எழுதறது அவ்வளவு மோசமா?

சரிபார்ப்பவன்: ரொம்ப நல்லா எழுதறீங்க. அதுவும் மேஜை பத்தி...

எழுதுபவள்: கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு நிஜமாவே கஷ்டமா இருக்கு.

சரிபார்ப்பவன்: ...வேலையில சேர்ந்தப்போ விதிகள்னு ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தாங்களே, படிச்சீங்களா?

எழுதுபவள்: அதையெல்லாம் யார் படிப்பா? கையெழுத்து மட்டும் போட்டேன்.

சரிபார்ப்பவன்: நான் போன மாசம் படிச்சேன். பொண்டாட்டி எழுதினதைப் புருஷன் சரிபார்க்கக் கூடாதாம்.