பின்வாசல் பட்டியலில் ரம்ஸி

மாலை ஆறு இருபது. ரமலான். நோன்பு திறக்கும் பீரங்கி வானொலியில் முழங்கிய மறுநிமிடம்... அலெக்சாந்திரியா கடற்கரைச் சாலையில் ஒரு வண்டி இராது.

நம் வஜீஹின் தங்கை மகன் லுத்ஃபிக்கு நடந்தது. பெயர் இந்த அறையோடு இருக்கட்டும். மானமுள்ள குடும்பம்.

மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைக் கிளவுடில் காப்பது அவர்கள் தொழில். ஒன்று கசிந்தாலும் குடும்பப் பெயர் போய்விடும். வருகிறவர்களைக் கணினிகளுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சர்தான் அவர்கள் வாசல். அதன் பின்வாசலில் பட்டியலில் உள்ளவர் மட்டுமே நுழையலாம்; அந்தப் பட்டியலில் ஒரே பெயர், ரம்ஸி. லுத்ஃபியின் பெரியப்பாவும் தொழிலின் முதலாளியுமான ஷுக்ரியின் மகன். இறந்து முப்பத்தெட்டு நாள். நாற்பதாம் நாள் துக்கம் கழியாமல் பெயரை எடுக்கக் கூடாது என்பது ஷுக்ரியின் உத்தரவு.

ஊரே சாப்பிடும் நேரம்; லுத்ஃபி மட்டும் அலுவலகத்தில் காவலுக்கு. திரையில் வருகை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தது. பின்வாசலில்... ரம்ஸி. எதையும் திறக்கவில்லை. நின்றுகொண்டிருந்தான். அறையில் கற்பூர வாசனை... மையித்தை, இறந்த உடலைக் குளிப்பாட்டும் தண்ணீரின் வாசனை.

எவனோ திருட்டுத்தனமாக அந்தப் பெயரில் வந்திருக்கிறான் என்று நினைத்து லுத்ஃபி பெரியப்பாவை அழைத்தான்.

"நோன்பு தலைக்கேறிடுச்சாடா? ஒரு வாய் சூப் குடி. எம்புள்ள பேரைத் தொட்டா என் வீட்டுப் படி ஏறாதே."

அழைப்பைத் துண்டிக்காமலே லுத்ஃபி பெயரை அழித்தான்.

பட்டியல் காலி. பட்டியல் காலியானால் யாரையும் தடுக்காதே... வாசலின் புத்தி அப்படி. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

நாற்பது பேர். நானூறு. நாலாயிரம். எல்லாரும் பழைய நோயாளிகள். எல்லாரும் இறந்தவர்கள். தத்தம் குறிப்பைத் திறந்து இறந்த தேதியை அழித்தார்கள். பிறகு உயிரோடிருப்பவர்களின் குறிப்புகளைத் திறந்து இறந்த தேதியாக இன்றைய தேதியை எழுதினார்கள். முதலில் திறந்தது ஷுக்ரியுடையது.

"பெரியப்பா... இருக்கீங்களா?"

மறுமுனையில் கிண்ணம் ஒன்று தரையில் உருண்டு... நின்றது.

ரம்ஸி அதுவரை யாரை மறித்துக்கொண்டு அங்கே நின்றான் என்று அப்போதுதான் லுத்ஃபிக்கு உறைத்தது. ரம்ஸியின் பெயரை மறுபடி எழுதினான். வாசல் ஏற்கவில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், சேர்க்க ஷுக்ரியின் ஒப்புதல் வேண்டும்.

காத்திருந்தான். சாலையில் இன்னும் ஒரு சத்தமில்லை.

ஆறு இருபத்தொன்பதுக்கு ஒப்புதல் வந்தது, ஷுக்ரியிடமிருந்து. வருகை சட்டென்று நின்றது.

பட்டியலில் ஏறியிருந்த பெயர் ரம்ஸி அல்ல.

லுத்ஃபி.