கால் விரிந்த குஞ்சு

கொக்குவில் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்:

“ஒரு கோழிக்குஞ்சாலை நாங்கள் எல்லாரும் சாகப்பாத்தம் அக்கா.”

“என்னடி கதைக்கிறாய்?”

“பொரிக்கேக்கையே அதுக்குக் கால் இரண்டும் விரிஞ்சுபோய்க் கிடந்தது. மகள் நூலாலை காலைச் சேர்த்துக் கட்டி வளக்கிறாள். குண்டு போட பொம்மர் வரேக்கை அதை விட்டிட்டு பங்கர் குழிக்குள்ளை இறங்கமாட்டன் எண்டு நிண்டிட்டாள்.”

“தூக்கிக்கொண்டு வாறதுதானே?”

“பங்கருக்குள்ளை மழைத்தண்ணி. ஈரம்பட்டால் குஞ்சு செத்துப்போமாம்.”

“விட்டிட்டு வா எண்டு அதட்டியிருக்கலாமே?”

“அதட்டினன். ‘நடக்கேலாட்டி விட்டிட்டு ஓடுறதோ அம்மா?’ எண்டு கேட்டாள். பாரிசவாதத்திலை கிடக்கிற என்ரை மாமனாருக்கு முன்னாலை. அவரை இறக்கேலாமல் விட்டிட்டுத்தானே நாங்கள் ஓடுறனாங்கள்.”

மற்றவள் வெறும் போத்தலைக் கீழே வைத்தாள். “அவர் என்ன சொன்னவர்?”

“‘குஞ்சை என்ரை கட்டிலிலை வைச்சிட்டு ஓடு பிள்ளை, நான் பாக்கிறன்’ எண்டார். இப்ப அவள் இறங்கிறாள். குண்டுச்சத்தம் அடங்கின உடனை, பங்கருக்குள்ளை இருந்து ‘அப்பப்பா, குஞ்சு இருக்கோ?’ எண்டு கத்துவாள்.”

“அவர்?”

“‘ஓம்’ எண்டுவார். அந்த ஓம் கேக்குமட்டும் எனக்கு மூச்சு வராது அக்கா.”